மில்லுத் தொண்டை

எங்கள் மில்லில் தெளிவான குரலில் ஒருத்தன் பேசினால் அவன் புதுசு என்று அர்த்தம். உருளைகள் சுற்றுகிற சத்தத்துக்கு மேலே ஏறிப் பேச வேண்டும். ஏறி ஏறிப் பேசி, ஒரு கோடை தாண்டுவதற்குள் அவன் தொண்டையும் உப்புத்தாளில் தேய்த்தது போல ஆகிவிடும். அதற்கு மில்லுத் தொண்டை என்று பேர். கும்மிடிப்பூண்டிப் பேட்டையில் இரும்புக் கம்பி இழுக்கிற எல்லா மில்லிலும் அந்தக் குரல்தான். ரயிலில் யாராவது அப்படிப் பேசினால் முகத்தைப் பார்க்காமலே "எந்த மில்லுபா?" என்று கேட்போம். கல்யாணப் பந்தியில் சாம்பார் கேட்கிற சத்தத்தை வைத்தே எத்தனை வருஷ சர்வீஸ் என்று சொல்கிற ஆட்கள் உண்டு.

அதனால் என் குரல் கம்மத் தொடங்கியபோது அது யாருக்கும் நோயாகக் கேட்கவில்லை. எனக்கும்தான். ரொம்ப வருஷமாக நான் நல்ல குரலோடு திரிந்தவன், ஏனென்றால் என் வேலையில் கத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்கு அது ஒரு குறையாகவே பட்டது. குரல் உடைந்ததும் கேன்டீனில் ஒருத்தன் தோளில் தட்டினான்.

"இப்பதான்பா உனுக்கு ஒரிஜினல் வந்துகீது. இத்தினி நாளு டூப்ளிகேட்டா சுத்திக்கினு இருந்த."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் கரகரவென்று சிரித்தேன். ஏதோ சங்கத்தில் சேர்த்துக்கொண்ட மாதிரி உள்ளுக்குள் சந்தோஷம்கூட இருந்தது.

நான் சிக்னல்மேன். கூரைக்குக் கீழே தண்டவாளத்தில் கிரேன் ஓடும். அதன் ஓரத்தில் கண்ணாடிக் கூண்டு, கூண்டுக்குள் ஆபரேட்டர். கீழே கொக்கியில் இரும்புப் பாளங்கள் கட்டுக் கட்டாகத் தொங்கும். மேலே இருப்பவருக்குத் தரையின் சத்தம் எதுவும் பிரித்துக் கேட்காது. தலையில் ஹெல்மெட், கழுத்தில் விசில், கையில் தோலுறை போட்டுக்கொண்டு நான் கீழே நிற்பேன். அவர் என் கைகளைப் பார்த்து ஓட்டுவார். விரலை மேலே நீட்டிச் சுழற்றினால் தூக்கு. உள்ளங்கையைக் கவிழ்த்து அமுக்கினால் இறக்கு. கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் உரசினால், கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு நூல் அளவுக்கு. கையை விரித்து நிறுத்தினால் எல்லாம் நிற்கும். ஒரு லாரி எடை அந்தரத்தில் அசையாமல் நிற்கும்.

அந்த ஆபரேட்டர் ஆரம்பாக்கத்துப் பக்கம். வீட்டில் தெலுங்கு. என்னைவிட மூத்தவர். ஆனாலும் சின்னவன் பெரியவன் பார்க்காமல் எல்லாரையும் நைனா என்பார். மேலேயும் கீழேயுமாக இத்தனை வருஷம் நாங்கள் பேசியதை எழுதினால் ரயில் பெட்டி கொள்ளாது, அத்தனையும் கையால். கீழே இறங்கி வந்துவிட்டால் எங்களுக்குள் பேச்சே கிடையாது. நாஷ்டா தட்டோடு பக்கத்தில் உட்கார்ந்து, "இட்லி கல்லு மாரி கீது நைனா" என்பார். "ஆமாண்ணே" என்பேன். அதோடு முடிந்தது. திரும்ப அவர் ஏணி ஏறிப் போய்க் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்ததும் எனக்குள் ஏதோ திறந்துகொள்ளும். வேறு யாரோடும் நான் அவ்வளவு பேசியதில்லை.

குரலுக்குப் பிறகு மூச்சு. ஸ்டேஷன் மேம்பாலத்தின் படிகளில் ஏறும்போது முதலில் என் மனைவிக்குத்தான் கேட்டது. பேக்கிங் கம்பெனியில் வேலை முடித்து வருகிறவள், கால் வலியோடு எனக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்தாள். நின்று திரும்பினாள்.

"இன்னாயா அது, மரம் அறுக்கிற மாரி சத்தம் வருது?"

"எங்க?"

"உங்கிட்டர்ந்துதான்."

பஸ் ஸ்டாண்டு அருகில் எல்லா மில் ஆட்களும் போகிற டாக்டரிடம் போனோம். அவர் என் சட்டைப் பையில் தைத்திருந்த கம்பெனி எழுத்தைப் பார்த்தார். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தார். "கத்தறதக் கொறைங்க, சுடுதண்ணி குடிங்க" என்றார். வாசலில் காத்திருந்த பத்துப் பேருக்கும் அதே குரல், அதே மாத்திரை. அவர்மேல் குறை சொல்ல என்ன இருக்கிறது. எங்கள் ஊரில் கரகரப்பு ஒரு நோய் இல்லை, அது உத்தியோகம்.

ஒரு மழைக்காலம் போய் இன்னொன்று வந்தது. படுத்தால் மூச்சு பிடிக்கிறது என்று தலையணையை அடுக்கி, பிறகு சுவரில் சாய்ந்து, பிறகு உட்கார்ந்தே கண்ணயர்கிற அளவுக்கு வந்தபோது திருவள்ளூரில் கட்டிக்கொடுத்த மகள் வந்து பார்த்தாள்.  மறுநாள் காலை முதல் ரயிலில் என்னைச் சென்னைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே மூக்கு வழியாக ஒரு கேமராவை விட்டார்கள். பிறகு ஸ்கேன். பிறகு மயக்கம் கொடுத்து ஒரு துண்டு எடுக்கப் பார்த்தார்கள். அது எலும்பு மாதிரி கடினமாக இருந்ததாம், எடுக்கவே சிரமப்பட்டார்களாம். முடிவு வந்த அன்று டாக்டரம்மா ஒரு காகிதத்தில் மோதிரம் மாதிரி ஒரு வளையம் வரைந்தார்.

"உங்க குரல்வளைக்கு அடியில இப்படி ஒரு குருத்தெலும்பு இருக்கு. அதுலதான் வந்திருக்கு. பீடி, சிகரெட்?"

"இல்லம்மா."

"அதனால இல்ல. இது வேற. தொண்டையில சாதாரணமா வர்றது தோல் மாதிரி இருக்கிற சவ்வுல வரும். இது அந்தக் குருத்தெலும்புலேர்ந்தே வளருது. ரொம்ப அபூர்வம். நானே புஸ்தகத்துல படிச்சதுதான், நேர்ல இப்பதான் பாக்கறேன்."

படிக்கிற பிள்ளைகள் நாலைந்து பேர் வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொருவராக என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். மரியாதையாகத்தான் தொட்டார்கள். ஒரு பெண் மட்டும் "வலிக்குதாங்க?" என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன்.

வெளியே நீளமான கூடம். தொண்டை நோயாளிகள் வரிசையாக உட்கார்ந்திருப்போம். எல்லார் கழுத்திலும் கறுப்பு ஏறியிருந்தது, கதிர் கொடுத்த இடம். நம் ஆட்கள் அதற்குக் கரண்ட் வைக்கிறது என்பார்கள். பக்கத்தில் இருந்த திருத்தணிக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உனுக்கு எத்தினி கரண்டு ஆச்சு?"

"எனக்கு வெக்கலண்ணே. இதுக்கு அது கேக்காதாம். அறுத்துதான் எடுக்கணுமாம்."

"கேக்காதா? கரண்டு கேக்காத கேன்சரு எங்கனா உண்டாபா? அப்ப உனுக்கு அது இல்ல. இன்னாத்தையோ சொல்லி பயமுறுத்தறானுங்க."

எனக்கு ஆறுதல் சொல்லத்தான் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பி, தன்னைப் போலக் கழுத்து கறுத்த இன்னொருவரோடு பேச ஆரம்பித்தார். எந்த மெஷின், எந்த நேரம், முகமூடி எப்படி இறுக்குகிறது, சாப்பாட்டில் ருசி எப்போது திரும்பும் என்று அவர்களுக்குப் பேச எவ்வளவோ இருந்தது. நான் என் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நோயில்கூட எனக்கு ஜாதிசனம் வாய்க்கவில்லை.

குரல்வளையை முழுசாக எடுக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். வளையத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. அதை விட்டுவைத்தால் மூச்சுக்குழாய் தாங்காது. எடுத்துவிட்டால் கழுத்தின் அடியில் ஒரு ஓட்டை, அதன் வழியாகத்தான் இனி மூச்சு. வாய்க்கும் மூச்சுக்கும் சம்பந்தம் இருக்காது. சொந்தக் குரல் இருக்காது. "இது மெதுவா வளர்ற ஜாதி. சுத்தமா எடுத்துட்டா நல்லா இருப்பீங்க. ஆனா காலம் பூரா வந்து காட்டிக்கினே இருக்கணும்" என்றார். கடைசி வாக்கியத்தில் அவரும் எங்கள் பக்கத்துப் பேச்சுக்கு இறங்கியது பிடித்திருந்தது.

திரும்பி வருகிற ரயிலில் மகள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். எண்ணூர் தாண்டி உப்பங்கழி வந்தது, தண்ணீரில் வானம் கிடந்தது. நான் என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தூக்கு. இறக்கு. மெதுவாக. நில். குரல் போனால் போகட்டும். உலகத்தில் ஒரே ஒரு இடத்தில் குரல் இல்லாமலே எனக்கு எல்லாம் பேச வரும், அந்த இடத்தில்தான் எனக்குச் சம்பளம். திரும்பிப் போய்க் கிரேனுக்குக் கீழே நின்றால் போதும், அங்கே நான் ஊமையில்லை. மீஞ்சூர் வருவதற்குள் எனக்குச் சிரிப்புகூட வந்துவிட்டது.

"இன்னாத்துக்குப்பா சிரிக்கிற?" என்றாள் மகள்.

"ஒண்ணுமில்லமா" என்றேன். அந்த ஒண்ணுமில்லையைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த மாதங்கள் எல்லாவற்றையும் தாண்டினேன்.

ஆபரேஷனுக்கு முன்னால் மனைவி என் கட்டிலில் உட்கார்ந்து, "எதனா பேசுயா, கேட்டுக்கறேன்" என்றாள்.  இருபத்தைந்து வருஷக் குடித்தனத்தில் சொல்லாமல் விட்டது எவ்வளவோ இருந்தும் ஒன்றுகூட நாக்குக்கு வரவில்லை. தள்ளுவண்டியில் ஏற்றும்போது, "அந்த ஃபேனக் கொஞ்சம் கம்மி பண்ணச் சொல்லு" என்றேன். என் குரலில் நான் சொன்ன கடைசி வாக்கியம் அதுதான்.

கண் விழித்தபோது மூச்சு வேறு எங்கேயோ நடந்துகொண்டிருந்தது. மூக்கில் இல்லை, வாயில் இல்லை. பக்கத்து வீட்டில் யாரோ கதவைத் திறந்து மூடுவது மாதிரி, என் தாடைக்குக் கீழே ஒரு வாசல் திறந்து மூடியது. இருமினால் கழுத்து இருமியது. அழுதால் முகம் மட்டும் அழுதது, சத்தம் வேறு ஊரில் இருந்தது. டீயை ஆற்ற வாயைக் குவித்தால் காற்று வராது. டீ தானாக ஆறும்வரை காத்திருக்க வேண்டும். கனமான எதையும் தூக்க மூச்சை அடக்க முடியாது. கொஞ்ச நாளில் இன்னொன்றும் புரிந்தது. மூக்கு வழியாகக் காற்றே போகாததால் வாசனை என்பது என் வீட்டை விட்டுக் கிளம்பிப் போய்விட்டது. ரசம் கொதிப்பது தெரியாது. மழை வருவது தெரியாது. மனைவி வேலை முடிந்து வந்து நின்றால், அட்டைப்பெட்டியும் பசையும் வேர்வையும் கலந்த அவளுடைய அந்த வாசனை தெரியாது. அவள் வந்ததைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

பகலெல்லாம் வீட்டில் நான் மட்டும். அவள் காலை கம்பெனி வேனில் போனால் வெயில் இறங்கித்தான் வருவாள். ஓட்டையைச் சுத்தம் செய்வேன், துணி மாற்றுவேன், ஜன்னல் ஓரம் நிற்பேன். வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவள் தெருவில் போவாள். கூப்பிடலாம் என்று தோன்றுவதற்குள் முனை திரும்பிவிடுவாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னைப் பார்த்தால் ஒன்று காது கேட்காதவனிடம் பேசுகிற மாதிரி கத்துவார்கள், இல்லையென்றால் அவர்களும் பேச்சை விட்டுவிட்டு வாயைத் தொட்டுக் காட்டி, சாப்டியா என்று சைகை செய்வார்கள். சைகையா அது. ஒழுங்கு கிடையாது, அளவு கிடையாது. எனக்குக் கோபம் வரும். என் கையைப் படிக்கத் தெரிந்தவர் பேட்டைக்குள், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தார்.

ஒருநாள் வந்தார். ஹெல்மெட் தழும்பு நெற்றியில் இருக்க, ஷிப்ட் முடிந்து நேராக வந்து, வாழைப்பழத்தை வைத்துவிட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். என் கழுத்தைப் பார்த்தார். பார்க்கக் கூடாது என்று சுவரைப் பார்த்தார். நான் அவரிடம் நிறையச் சொல்ல வேண்டும் என்று கையைத் தூக்கினேன். தூக்கின கை அப்படியே நின்றது. தூக்கு, இறக்கு, போ, மெதுவாக, நில். வலி எப்படி, வீட்டில் எப்படி, நீங்கள் சுகமா என்பதற்கெல்லாம் எங்களிடம் கை இல்லை.

அவரும் அதைப் பார்த்துவிட்டார். கொஞ்சம் தலையைக் குனிந்துகொண்டார்.

"இப்ப கீழ நிக்கறான் பாரு ஒருத்தன், அவன் கைய பாத்தா மாவு பெசையற மாரி கீது. ஒரே பேஜாரு. நீ சீக்கிரம் வா நைனா."

அதற்கு மட்டும் என்னிடம் கை இருந்தது. கட்டைவிரலைக் காட்டினேன்.

ஆடி மாதம் என் மனைவி பெரியபாளையத்தம்மனுக்கு வேப்பஞ்சேலை கட்டுவதாக வேண்டியிருந்தாள். நானும் போனேன். கூட்டத்தில் தூசும் சூடமும் பட்டுவிடக் கூடாது என்று என்னை ஓரமாக நிற்க வைத்தாள். உடம்பு முழுக்க வேப்பிலை கட்டிக்கொண்டு, தலை ஈரம் சொட்டச் சொட்டச் சுற்றி வந்தாள். ஒவ்வொரு சுற்றிலும் என்னைத் தாண்டும்போது ஒரு பார்வை. அத்தனை பெண்கள், அத்தனை வேப்பிலை, மிதிபட்டு நசுங்கித் தரையெல்லாம் பச்சை. எனக்கு அதில் ஒரு துளி வாசனை இல்லை. சத்தத்தை அணைத்துவிட்டு டிவி பார்க்கிற மாதிரி இருந்தது. எனக்காகவே சுற்றிக்கொண்டிருந்தாள், நானோ அங்கே இருக்கிற மாதிரியும் இல்லாத மாதிரியும் நின்றிருந்தேன். முடித்துவிட்டு வந்து, "கசப்பு வாட தலைக்கு ஏறிச்சுயா" என்றாள். தலையாட்டினேன்.

அதற்குப் பிறகுதான் வால்வு வைத்தார்கள். மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவில் பொத்தான் அளவில் ஒன்று. கழுத்தோட்டையை விரலால் மூடிக்கொண்டு மூச்சை விட்டால் அது உணவுக்குழாய் வழியாக மேலே வந்து ஒரு சத்தம் ஆகும், அந்தச் சத்தத்தை வாயால் வார்த்தையாக்க வேண்டும். பயிற்சி கொடுக்கிற பெண் என்னைச் சிரமப்பட்டுப் பழக்கினாள். வந்தது. ஆழத்திலிருந்து, ஈரமாக, வெகுநாள் கழித்துத் திறந்த குழாயில் காற்றும் தண்ணீரும் சேர்ந்து வருகிற மாதிரி. என் மனைவியின் பேரைத்தான் முதலில் சொன்னேன். அவள் சிரித்தாள், கண் கலங்கினாள், பிறகு அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு சொன்னாள்.

"யாரோ ஒரு ஆம்பள ஊட்டுக்குள்ள வந்து நிக்கற மாரி கீதுயா."

மனதில் பட்டதைச் சொன்னாள், அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு அந்த ஆம்பளையை நான் வீட்டுக்குள் அடிக்கடி கூட்டி வரவில்லை. டாக்டரிடம், மகளிடம், தேவை என்றால் ஒன்றிரண்டு வார்த்தை. மில் ஆட்கள் யார் முன்னாலும் அந்தக் குரலை எடுப்பதில்லை என்று எனக்கு நானே வைத்துக்கொண்டேன். அங்கேதான் அது தேவையே இல்லையே.

தூசு இல்லாத இடத்தில் வேலை கொடுக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தார்கள். கம்பெனியில் நல்லபடியாகத்தான் சேர்த்துக்கொண்டார்கள், ஸ்டோர்ஸில் போட்டார்கள். போல்ட், நட்டு, கிரீஸ் டப்பா, ஏசி காற்று. கழுத்தில் ஒட்டிய சின்ன வடிகட்டி, அதன்மேல் வெள்ளைத் துணி. சுவருக்கு அந்தப் பக்கம் கிரேன் ஓடுகிற அதிர்வு நாற்காலி வழியாக முதுகில் ஏறும். எந்தப் பக்கம் போகிறது, கனம் எவ்வளவு என்றுகூட எனக்குத் தெரியும். எத்தனை நாள் முதுகாலேயே கேட்டுக்கொண்டிருப்பது. ஷிப்ட் சூப்பர்வைசர் நம்ம ஆள்தான். கிரேன் பக்கம் நீட்டிய என் கையைப் பார்த்துப் புரிந்துகொண்டு, "ஒரு ஷிப்ட்டு நின்னு பாரு. முடிஞ்சா நானே பெரியவங்ககிட்ட பேசறேன். துணிய நல்லா கட்டிக்கோ" என்றார்.

நான் போனபோது ஆட்கள் அரை வட்டமாக நின்றிருந்தார்கள். ஒருத்தன் முதுகுக்குப் பின்னால் எதையோ மறைத்து வைத்திருந்தான். புது விசில். சிவப்புக் கயிறு.

"மத்தவன் எச்சி பட்டது உனுக்கு எதுக்கு, அதான் புச்சா வாங்கனோம். இனிமே உனுக்கு வாயி இதான்பா. வாய் இல்லன்னா இன்னா, ஊதிக்கினே இரு. ஒரு வாட்டி ஊது, கேப்போம்."

என் தலைக்கு மேலாகக் கயிற்றை மாட்டினார்கள். யாருக்கும் தோன்றவில்லை. குரல் போனவனுக்கு விசில் என்பது அவர்களுக்கு எவ்வளவு நியாயமாகப் பட்டிருக்கும். எங்கள் வேலையில் கைக்கு முன்னால் விசில். ஊதினால்தான் மேலே இருப்பவர் திரும்பிக் கையைப் பார்ப்பார், ஊதினால்தான் கீழே போகிறவன் ஒதுங்குவான். எனக்கும் தோன்றியிருக்கவில்லையே. இத்தனை மாதம் கைகளையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேனே, கைக்கு முன்னால் ஒரு மூச்சு இருந்ததை ஒருநாளும் நினைக்கவில்லை. தினமும் ஊதி ஊதி அது எனக்கு என் பல் மாதிரி ஆகியிருந்தது.

உதட்டில் வைத்து ஊதினேன். கழுத்துத் துணி படபடத்தது. விசில் சும்மா இருந்தது. ஒருத்தன் சிரித்தான், விளையாடுகிறேன் என்று நினைத்து. விரலால் ஓட்டையை மூடிக்கொண்டு இன்னொரு தரம் ஊதினேன். வால்வு வழியாக வந்த கொஞ்சம் காற்றில் உள்ளே இருக்கிற குண்டு லேசாக அசைந்தது, உருளக்கூட இல்லை. சிரித்தவன் நிறுத்திவிட்டான். அரை வட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்து அவரவர் இடத்துக்குப் போனது.

பரவாயில்லை என்று கையைக் காட்டினேன். மேலே பார்த்தேன். அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

முதல் கட்டு ஏறியது. விரல் சுழல, கொக்கி எழுந்தது. தள்ளிக்கொண்டு போகச் சொன்னேன், போனார். உரசு, உரசு, ஒரு நூல், இன்னும் ஒரு நூல், நில். பாளங்கள் சத்தமில்லாமல் கட்டையில் உட்கார்ந்தன. அடுத்தது. அதற்கு அடுத்தது. உலைப் பக்கத்துச் சூடு கன்னத்தில் அடித்தது, முதுகு நனைந்தது, எனக்கு வாய் இருந்தது, நாக்கு இருந்தது, பத்து விரலிலும் பேச்சு பொங்கிக்கொண்டு வந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு நான் ஒருவரோடு சேர்ந்து இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான்.

பிறகு, கட்டு அந்தரத்தில் நகர்ந்துகொண்டிருக்கும்போது, உலைப் பக்கத்திலிருந்து யாரோ கொடி காட்டினார்கள். ஆபரேட்டர் அந்தப் பக்கம் திரும்பினார். அதே நேரத்தில் ஒடிசாவிலிருந்து வந்த கான்ட்ராக்ட் ஆள் ஒருவர், நரைத்த மீசைக்காரர், தண்ணீர் பாட்டிலை எடுக்கப் பாதையின் குறுக்கே இறங்கினார். மேலே பார்க்கவில்லை. கட்டின் நிழல் அவர் முதுகில் ஏறியது.

விசில் என் உதட்டில்தான் இருந்தது. ஊதினேன். உடம்பு முழுக்க ஊதினேன். துணி பறந்தது. விசிலைத் துப்பிவிட்டுக் கத்தினேன், விரலை வைக்க மறந்து. கழுத்தில் ஒரு சீறல், அவ்வளவுதான். கையை விரித்தேன், மேலே கண் இல்லை. கீழே கிடந்த கம்பியை எடுத்துத் தூணில் அடித்தேன், அந்தச் சத்தத்தில் அது எவனுக்குக் கேட்கும். என் கால்கள் ஓட ஆரம்பித்தன, மூச்சு எட்டவில்லை.

அவர் பாட்டிலை எடுத்துக்கொண்டு, குடித்துக்கொண்டே, அந்தப் பக்கம் ஏறிப் போய்விட்டார். கட்டு அவர் நின்ற இடத்தைத் தாண்டிப் போனது.

ஒன்றும் நடக்கவில்லை. யாரும் பார்க்கவில்லை. அவருக்கே தெரியாது. இன்றைக்கும் தெரியாது.

ஆபரேட்டர் திரும்பி என்னைத் தேடினார். கையை விரித்தேன், நின்றது. உள்ளங்கையைக் கவிழ்த்தேன், இறங்கியது. கட்டு தரையில் உட்கார்ந்ததும் கண்ணாடிக்குள் அவர் தலையைச் சாய்த்தார், அடுத்து என்ன என்று. நான் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கைகள் தொடைமேல் தொங்கின. அதற்கு முன் அவர் என்னைக் கை தொங்கப் பார்த்ததே இல்லை. கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தார்.

மாவு பிசைகிறவன் என்று சொன்னாரே, அந்த ஆள் தூணோரம் பீடி பற்றவைக்காமல் வாயில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான். அவன் கழுத்தில் தொங்கிய விசிலைக் காட்டி, மேலே காட்டி, போய் நில் என்று தள்ளினேன்.

"ஏன்ணே, இன்னா ஆச்சு? நல்லாத்தான போய்க்கினு இருந்துச்சு?"

நடந்தேன். பாதுகாப்பு அதிகாரியின் அறை கூடத்தின் மறுகோடியில் இருக்கிறது. அவ்வளவு தூரமும் முதுகில் அந்தக் கண்ணாடி இருந்தது. இருமல் வந்தது, துணியில் கறுப்பாக மண்ணும் சளியும் வந்தது. வேறு துணி மாற்றிக்கொண்டேன். அறைக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனேன்.

அதிகாரி மேஜையில் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். காதில் பஞ்சு அடைத்திருந்தார். எழுதிக் காட்டியிருக்கலாம், பேனா அங்கேயே கிடந்தது. கனமான கதவு மூடிக்கொண்டு வெளிச்சத்தம் கொஞ்சம் குறைந்தது. ஓட்டையின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். 

"என்ன கிரேனுக்குக் கீழ நிக்க உடாதீங்க சார்."

அந்த மில்லில் அந்தக் குரலில் நான் பேசிய முதல் வாக்கியம். அதிகாரி நிமிர்ந்தார். என் முகத்தைத் தாண்டி, என் தோளுக்குப் பின்னால், கதவோரம் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தார். யாருமில்லை. பிறகு மெதுவாக என் கையையும் கழுத்தையும் பார்த்தார். காதிலிருந்து பஞ்சை எடுத்தார், ஒரு காது, பிறகு இன்னொரு காது.

"இன்னாபா சொன்ன?"

மூச்சை இழுத்துக்கொண்டேன். கட்டைவிரல் நழுவியது, சட்டையில் துடைத்துவிட்டுத் திரும்ப வைத்தேன். இன்னொரு தடவை சொன்னேன்.